கோட்டு விளையாட்டு

"பசியைக் கழட்டு. கழட்டி அவன்கிட்ட குடு. ம், இப்போ பசி யார் மேல?"

"பசி லார்கன் மேல, மாஸ்டர்!"

"லார்கன், உன் மேல பசி இருக்கா?"

"என் மேல பசி இருக்கு. எனக்குக் கீழ பசி இருக்கு. எனக்குப் பின்னால பசி இருக்கு. என்னைச் சுத்தி..."

"போதும்டா. ஊருக்கே பஞ்சம் வந்த மாதிரி பேசாத."

கூடம் சிரித்தது. லார்கன் போட்டிருந்த பழுப்புக் கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. விரல்களை வெளியே எடுக்க முடியாமல் கோட்டின் வெறும் கைகளை ஆட்டிக்கொண்டு நின்றான். முதுகில் குத்தியிருந்த அட்டையில் மாஸ்டர் பார்ட்லியின் எழுத்தில் 'பசி' என்று இருந்தது.

எங்கள் ஐரிஷ் மொழியில் யாருக்கும் பசி எடுப்பதில்லை. பசி வந்து ஆளின் மேல் உட்காருகிறது. தாகம், குளிர், வெட்கம், சந்தோஷம் எல்லாம் அப்படித்தான். டப்ளின் பிள்ளைகள் எட்டு வருடம் பள்ளியில் ஐரிஷ் படித்திருந்தாலும் மனத்துக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். மேல், கீழ், பின்னால், நடுவில் என்ற சின்னச் சொற்களில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். பார்ட்லி அதற்காகத்தான் கோட்டுகளைச் சேர்த்தான். தேவாலயத்தின் பழைய துணி விற்பனையில் யாரும் எடுக்காமல் மிஞ்சியவை. பசி பழுப்பு. குளிர் ஒரு பெண்பிள்ளைக் கோட்டு, கழுத்தில் பூனைமயிர். வெட்கத்துக்குச் சிவப்பு மழைக்கோட்டு. கவலை கடற்படைக்காரன் போடுகிற கருநீலக் கம்பளிக் கோட்டு, தூக்கவே கனமாக இருக்கும்.

ஜூலை வந்தால், ஐரிஷ் பேசிப் பழகும் கோடைக் கல்லூரிக்காக, பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் இங்கே வந்து இறங்குவார்கள். வீட்டுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வீட்டம்மாக்கள் பிரித்துக்கொள்வார்கள். காலையில் கூடத்தில் பாடம், மதியம் கடல், மாலையில் நடனம். மூன்று வாரம் இங்கிலீஷ் கூடாது. முதல் முறை பேசினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை கடைசி எச்சரிக்கை. மூன்றாம் முறை பஸ் ஏற்றி வீட்டுக்கு. இந்தக் கரையில் மீன் போய்விட்டது, தொழிற்சாலை மூடிவிட்டது, மொழி ஒன்றுதான் விற்பதற்கு மிச்சம். அதில் கலப்படம் செய்ய யாரும் விடுவதில்லை.

பார்ட்லிக்கு நாற்பத்தாறு வயது. தகப்பன் பெயரையும் சேர்த்து பார்ட்லி டாம் என்று கூப்பிடுவார்கள். மற்ற மாதங்களில் அவன் மாற்று ஆசிரியர். எங்கேயாவது ஒரு ஆசிரியை பிரசவத்துக்குப் போனால், யாராவது ஒருவர் இடுப்பை உடைத்துக்கொண்டால், அந்தப் பள்ளிக்கு இவன் போவான். கால்வே மாவட்டத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளும் அவனுக்குத் தெரியும். ஒன்றிலும் அவன் பெயர் போட்ட தேநீர்க் கோப்பை கிடையாது. நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தால் எப்போதும் இரண்டாவதாக வருவான். "ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று தேர்வாளர்கள் கையைக் குலுக்குவார்கள். கோடையில் மூன்று வாரம் மட்டும் அவன் இந்தக் கூடத்துக்கு ராஜா. பிள்ளைகள் கடைசி நாளில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பஸ் முதல் வளைவைத் தாண்டும்போது பாட்டுச் சத்தம் கேட்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை, கடைசி வாரம். லார்கனிடமிருந்து பசியைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டிய பிறகு, "அடுத்து யாரு?" என்று கேட்டான்.

கெய்லா எழுந்தாள். தானாக எழுகிற பெண் இல்லை அவள். டப்ளினில் ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடிப் பகுதியிலிருந்து வந்தவள், பதின்மூன்று வயது. மற்ற பிள்ளைகள் வீட்டில் பியானோ இருக்கிறவர்கள். அவளுக்கு அவள் பள்ளி ஒரு இலவச இடம் வாங்கிக் கொடுத்திருந்தது. இதற்குள் இங்கிலீஷ் பேசி இரண்டு முறை மாட்டியிருந்தாள். முதல் வாரம் காஞ்சொறிச் செடியில் கையை வைத்துவிட்டு இங்கிலீஷில் ஒரு நீளமான வசவு. இரண்டாவது, வீட்டம்மா பெகியிடம் கெச்சப் வேண்டும் என்று இலக்கணம் பிசகாத ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம். தூக்கத்தில் இங்கிலீஷ் பேசினாள் என்று கூடப் படுத்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தூக்கத்தில் பேசுவதைக் கணக்கில் எடுத்தால் தன் புருஷனையும் பஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று பெகி அவர்களைத் துரத்திவிட்டாள்.

கெய்லா நேராகப் போய்க் கருநீலக் கம்பளியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பித்தான்களையும் போட்டாள். யாரும் பித்தான் போடுவதில்லை.

"கவலை என் மேல இருக்கு," என்றாள்.

"ஆகா. பிழையே இல்ல. ஏன் உன் மேல கவலை?"

"அம்மா," என்றாள். அதற்குமேல் சொல் கிடைக்கவில்லை. கையை விரித்தாள்.

"அம்மா எங்கே?" என்றான் பார்ட்லி.

அவன் வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை. அது இந்த வகுப்பின் கேள்வி. கோட்டு விளையாட்டுக்கு முன்னால் அவர்கள் 'எங்கே' விளையாடியிருந்தார்கள். ஒருவர் வெளியே போவார், மற்றவர்கள் துணிக்கோழியை ஒளித்து வைப்பார்கள். வந்தவர் இடத்தை மட்டும் சொல்லிக் கேட்க வேண்டும். மேஜைக்குக் கீழேயா? இரண்டு தட்டு. மேஜைக்குக் கீழே இல்லை! அந்தக் கைதட்டலைச் சேர்த்தது பார்ட்லிதான். தட்டோடு போனால் சொல் நாக்கில் நிற்கும் என்பது அவன் அனுபவம்.

'எங்கே' என்ற சொல் காதில் விழுந்ததும் கூடம் எழுந்துகொண்டது.

"அம்மா வீட்டுக்குள்ளயா?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். தட்டு, தட்டு.

"வீட்டுக்குள்ள இல்ல," என்றாள் கெய்லா. விளையாட்டு என்றால் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா கடைக்கு முன்னாலயா?"

"கடைக்கு முன்னால இல்ல."

"அம்மா பஸ்ஸுக்கு மேலயா?" இது லார்கன். சிரிப்பு.

"இல்ல."

"அம்மா கட்டிலுக்குக் கீழயா?"

கூடம் முழுக்கத் தட்டியது. பார்ட்லியும் தட்டிக்கொண்டிருந்தான். வாக்கியங்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வந்துகொண்டிருந்தன. பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு அவனுக்கு அமைந்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் அவளுடைய முகத்தை அவன் தாமதமாகத்தான் பார்த்தான்.

கெய்லா இங்கிலீஷில் கத்தினாள்.

"எங்க இருக்காங்கன்னு தெரியாது! எனக்குத் தெரியாது! வாயை மூடித் தொலைங்க எல்லாரும்!"

பிறகு பிள்ளைகள் எல்லோரும், "இங்கிலீஷ்! மாஸ்டர், இங்கிலீஷ்!" என்றார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. மூன்று வாரமாக வாயைக் கட்டி வைத்திருந்தவர்கள்.

பார்ட்லியின் வாயிலிருந்து அப்போது வந்தது இதுதான்: "ஐரிஷ்ல சொல்லு, கண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலும் விழுந்தது.

கெய்லா கோட்டோடு வெளியே போய்விட்டாள்.

கூடத்தின் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் காற்றுக்கு மறைவாக ஓர் இடம் உண்டு. ஆசிரியர்கள் ஒளிந்து சிகரெட் குடிக்கிற இடம். அங்கே உட்கார்ந்திருந்தாள். பார்ட்லி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இங்கிலீஷில் பேசினான். அந்தக் கட்டடத்தின் சுவர்களுக்குப் பக்கத்தில் அவன் இங்கிலீஷ் பேசியது அதுதான் முதல் முறை.

"அம்மா போன் பண்ணலையா?"

"ஞாயித்துக்கிழமை பண்றேன்னாங்க. எங்களுக்கு போன் குடுக்கற ஒரு மணி நேரம் பூரா படகுத்துறையில கையிலயே வெச்சிருந்தேன். பண்ணல."

"வேலையா இருந்திருப்பாங்க."

"வேலையில்ல. குடிய நிறுத்துற இடத்துல இருக்காங்க." அவள் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். "போன தடவை நடுவுலயே எந்திரிச்சி வந்துட்டாங்க. இப்பவும் வந்திருந்தா?"

"வந்திருந்தா வீட்டுக்குத்தானே போயிருப்பாங்க."

"நேரா வீட்டுக்கு வர மாட்டாங்க மாஸ்டர்," என்றாள், அவனுக்குப் பாடம் சொல்கிறவள்போல.

"வீட்ல வேற யாரு?"

"யாருமில்ல."

"சித்தி நம்பர் ஒண்ணு குடுத்திருக்கியே."

"சித்தின்னு யாரும் கிடையாது. அது எங்கம்மாவோட பழைய போன். சமையக்கட்டு டிராயர்ல கிடக்கு." பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அம்மாதான் யோசிச்சாங்க. மூணு வாரம் நீ அங்க, நான் இங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வந்துரலாம், ஒருத்தருக்கும் தெரியாதுன்னாங்க."

"சரி."

"சொல்லிராதீங்க. சொன்னா நலத்துறைக்காரங்க வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. முன்ன ஒரு தடவை அப்படித்தான், அப்போ எனக்கு ஒம்போது வயசு. துல்லமோர்ங்கிற ஊர்ல ஒரு வீட்ல விட்டாங்க. ஒரு வருஷம். நல்லவங்கதான். ஆனா என் சோப்பு டப்பால என் பேரை ஒட்டி வெச்சிருந்தாங்க. ஃபிரிட்ஜ்ல என் பாலுக்கு என் பேர். திரும்பிப் பாத்தா எல்லாத்துலயும் என் பேர்."

"சொல்ல மாட்டேன்," என்றான் பார்ட்லி.

அதைச் சொல்லும்போது அவன் நிஜமாகத்தான் சொன்னான்.

மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. கெய்லாவுக்கு மூன்றாவது. புதன்கிழமை காலை பஸ். பஸ் ஏற்றுவதற்கு முன்னால் கல்லூரித் தலைவி எத்னா அவள் வீட்டுக்கு போன் செய்து, யார் வந்து கூட்டிக்கொள்வார்கள் என்று கேட்க வேண்டும். போன் டிராயருக்குள் அடிக்கும்.

பார்ட்லி படகுத்துறைக்குப் போனான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கெய்லா சொன்ன இடத்தின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினான். எடுத்த பெண்ணின் குரல் இதமாக இருந்தது.

"அப்படி ஒருத்தர் இங்க இருக்காங்கன்னோ இல்லன்னோ நான் சொல்ல முடியாதுங்க."

"இருக்காங்களான்னு மட்டும் சொன்னா போதும்."

"அதைத்தாங்க சொல்ல முடியாது."

"இல்லன்னா, இல்லன்னாவது சொல்லுங்க."

"நீங்க உறவா?"

"நான் வாத்தியார்."

"உங்க கஷ்டம் புரியுதுங்க," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு நிஜமாகவே புரிந்திருந்தது என்று பார்ட்லிக்குத் தோன்றியது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. நன்றி சொல்லி வைத்தான்.

துறையில் பெகியின் புருஷன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு விஷயமா?" என்றார். ஆமாம் என்றான். "பெகி அழுதுக்கிட்டு ஸ்கோன் ரொட்டி சுடறா," என்றார் அவர்.

அவன் வீட்டுக்குப் போனபோது பெகி அடுப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? போய் எத்னாகிட்ட ஒரு வார்த்தை போடு. உனக்கு அவ இல்லன்னு சொல்ல மாட்டா. அவங்கம்மாவும் உங்கம்மாவும் ஒரே தொட்டில்ல கிடந்தவங்க."

"என்னன்னு போடறது?"

"என்னவோ. ஏதோ ஒரு காரணம் இருக்குல்ல, அந்தப் புள்ளைக்கு? அதைச் சொல்லு. எனக்கு வேணாம், எனக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி."

இங்கே எல்லாமே ஒரு வார்த்தையில்தான் நடக்கிறது. வீடு கட்ட அனுமதி, கல்லறையில் கடலைப் பார்த்த இடம், சாலைக்கு விளக்கு. மனு எழுதிப் போட்டவன் காத்துக்கொண்டே இருப்பான். ஒன்றுவிட்ட அண்ணன் காதில் ஒரு வார்த்தை போட்டவனுக்குக் காரியம் முடிந்திருக்கும். பார்ட்லிக்குத் தெரிந்த வழியும் அதுதான். தன் நிரந்தர வேலைக்கு மட்டும் அவன் யார் காதிலும் வார்த்தை போட்டதில்லை. கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கெய்லாவுக்காக ஓரமாக வைக்கலாம் என்று முடிவு செய்தான். எத்னாவிடம் சொல்வது, சொல்வதில் சேராது என்றும் நினைத்துக்கொண்டான்.

எத்னாவுக்குப் பார்ட்லியின் வயதுதான். ஒரே வகுப்பில் படித்தவர்கள். மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் அவள் அலுவலகம். நாடகத்துக்குச் செய்த அட்டை மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா. யாருக்காக வந்திருக்கன்னு தெரியும். முடியாது."

"நான் இன்னும் வாயே திறக்கல."

"நீ கதவைத் திறந்த விதத்துலயே தெரியுது. பார்ட்லி, போன வருஷம் கவுன்சிலர் மகளை பஸ் ஏத்தினேன். அவர் இன்னும் எனக்கு முகம் குடுக்கறதில்ல. இந்தப் பொண்ணை விட்டேன்னு வெய்யி, தார் போடற ரோட்டை நம்ம ஊர் எல்லையோட நிறுத்திருவார்."

"இதுக்குக் காரணம் இருக்கு."

"எல்லாருக்கும் காரணம் இருக்கு. அவளுக்கு கெச்சப்பு காரணம்."

"எத்னா, கதவைச் சாத்தட்டுமா?"

அவள் அவனைப் பார்த்தாள். பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னான். டிராயர் போனைச் சொன்னான், துல்லமோரைச் சொன்னான். சோப்பு டப்பாவை மட்டும் விட்டுவிட்டான், அது அவளுடையது என்பதால். நன்றாகச் சொன்னான். கதை சொல்வதில் அவன் கெட்டிக்காரன். எத்னா கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் நனைந்து உடைந்து விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "இங்கிலீஷ் பேசினது போச்சு. அதுக்காக அவளை அனுப்பப் போறதில்ல. அதை விட்ரு."

பார்ட்லி மூச்சு விட்டான். பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"ஆனா இதை ஏன்டா என்கிட்ட சொன்ன?"

"உன்கிட்ட சொல்லாம?"

"நான் இங்க உன் சொந்தக்காரியா உக்காந்திருக்கேன்னு நெனச்சியா?"

அவனுக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வாயில் இருந்த பிஸ்கட்டை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தான்.

"ஜூன்ல கால்வே ஓட்டல்ல நம்ம எல்லாரையும் உக்கார வெச்சி நாள் பூரா வீடியோ போட்டாங்களே," என்றாள் எத்னா. "ஆள் இல்லாத புள்ளைன்னு தெரிஞ்சா நலத்துறைக்குச் சொல்லியே ஆகணும், அன்னிக்கே சொல்லணும், நமக்குள்ள பேசி முடிக்கக் கூடாதுன்னு. நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"சாண்ட்விச் தின்னுட்டிருந்தேன்."

"நானும்தான் தின்னேன். ஆனா கேட்டேன்."

"கேக்காத மாதிரி இருந்துரு. சனிக்கிழமை வரைக்கும்தானே."

"கேட்டுட்டேனே."

"நான் சொல்லவே இல்லன்னு வெச்சிக்க."

"பார்ட்லி, ராத்திரி அவளுக்கு ஜொரம் வந்தா யாருக்கு போன் பண்றது? டிராயருக்கா? படகு கவுந்தா?" எத்னாவின் குரல் உயர்ந்து, பிறகு இறங்கியது. "அவங்கம்மா நிஜமாவே அங்க இல்லன்னு வெய்யி. சனிக்கிழமை அவளை எங்க எறக்கி விடுவ?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"அப்போ இங்கிலீஷுக்காகவே அனுப்பிரு. ரூல் படி. நாளைக்கு பஸ்ல ஏத்து. நான் கூடப் போறேன்."

"எங்க? பூட்டின வீட்டுக்கா?"

"எங்க வீட்ல..." என்று ஆரம்பித்தான். அவனே நிறுத்திக்கொண்டான். தனியாக இருக்கிற ஆண். வீடியோவில் அதற்கும் ஒரு பகுதி இருந்தது.

எத்னா போனை எடுத்தாள். எண்ணைப் போடுவதற்கு முன்னால், "நீ இருக்கணும்னு இல்ல. போ," என்றாள். அவன் போகவில்லை. போனால் தப்பித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தான். இருந்ததால் எதுவும் மாறவும் இல்லை. அவள் இங்கிலீஷில் பேசினாள். நலத்துறைக்காரர்களுக்கு ஐரிஷ் தெரியாது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். பொறுப்பாளர் யாரும் தொடர்பில் இல்லை என்றாள். தகவல் யார் மூலம் என்று கேட்டிருக்க வேண்டும், பார்ட்லியின் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அட்டை மரங்களில் ஒன்றின் கிளையைப் பார்ட்லி பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வராங்களாம்," என்றாள், வைத்துவிட்டு. "அவளுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நான் சொல்லட்டுமா? திட்டறதுன்னா என்னைத் திட்டட்டும்."

"வேணாம்."

எத்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரத்தைப் பிய்க்காதடா. வியாழக்கிழமை நாடகம்," என்றாள்.

பெகியின் வீட்டில் பிள்ளைகள் தேநீர் முடித்து நடனத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கெய்லா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முறை இல்லை. பெகியோடு நிற்பதற்காகத் துடைத்தாள்.

சுற்றிப் பிள்ளைகள் இருந்ததால் பார்ட்லி ஐரிஷில் ஆரம்பித்தான். ஆரம்பித்த வாக்கியம் அவளுக்கு எட்டவில்லை. இன்னும் எளிதாக்கினான். நாளைக்கு. ஒரு கார். கல்லூரிக்கு முன்னால. அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள், பாடத்தில் ஆட்டுவதுபோல. அவளுக்குத் தெரிந்த சொற்களை வைத்து இதைச் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. பெகி மற்றவர்களை வாசலுக்குத் துரத்தினாள். பிறகு தன் சமையலறையில் இங்கிலீஷ் பேசுவது காதில் விழாததுபோலத் தானும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் இங்கிலீஷில் சொன்னான். உன்னைக் காப்பாற்றத்தான் போனேன் என்று சொல்ல நினைத்திருந்தான். அது வரவில்லை. எத்னாவிடம் சொல்லிவிட்டேன், அவர்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

கெய்லா கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தாள். அதை அடுக்கில் வைத்தாள்.

"நீங்க சொல்ல மாட்டேன்னீங்க."

"ஆமா."

"துல்லமோரா?"

"தெரியல."

"உங்களுக்கு எதுதான் தெரியும்?" என்றாள். அதில் கோபம் இல்லை. அவன் வகுப்பில் கேட்கிற கேள்விபோல இருந்தது, பதில் தெரிந்தால் சொல்லலாம் என்பதுபோல.

"நடனத்துக்கு வரியா?" என்றாள் பெகி, திரும்பாமலே.

"என் மேல களைப்பு இருக்கு," என்றாள் கெய்லா, ஐரிஷில். மாடிக்குப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து மழை. கடல் குளியல் ரத்து. பதினொரு மணிக்கு மேல் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்திக்குத் தும்மல் இருந்தது. எத்னாவின் அறையில் அரை மணி நேரம் பேசினார்கள். பெகி பெட்டியைக் கொண்டுவந்தாள், கூடவே தாளில் சுற்றிய ரொட்டி. கெய்லா பின்சீட்டில் ஏறினாள். பெகி ஜன்னலில் தட்டினாள், கெய்லா கையைத் தூக்கினாள். பார்ட்லிக்கு அப்போது வகுப்பு இருந்தது. கூடத்தின் ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன, நின்றாலும் சாலை தெரியாது. அவன் காலத்தைக் குறிக்கும் சொற்களை நடத்தினான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஞாயிறு வரை. லார்கன், கெய்லா எங்கே என்று ஐரிஷில் பிழையில்லாமல் கேட்டான். போய்விட்டாள் என்றான் பார்ட்லி.

மதியம் பன்றித் தொடையும் முட்டைக்கோசும். இரண்டு மணிக்குப் பிறகு கல்லூரி போனுக்கு ஒரு பெண் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற ஒரே போனுக்கு எல்லோரும் வரிசையில் நின்றதாகவும், தன் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டதாகவும், இப்போது தனி அனுமதி வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். மகள் கெய்லாவிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றாள். எத்னா எடுத்தாள். நலத்துறை எண்ணைக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு மழை விட்டது. பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள். எத்னா பார்ட்லியிடம் போன் வந்ததைச் சொன்னாள். அவன் சரி என்றான். நாடகத்து மரத்துக்கு ஒரு கிளை வெட்டி ஒட்டினான்.

மாலை நடனத்தில் ஒரு ஆள் குறைந்தது. எட்டுப் பேர் நிற்க வேண்டிய சதுரத்தில் ஏழு பேர் நின்றார்கள். பார்ட்லி போய் எட்டாவது ஆளாக நின்றான். பாட்டு முடிகிறவரை ஆடினான்.